கம்பளி கட்டிய ஊர்: ஃபிளாரன்ஸில் மூன்று நாள்

முதல் நாள், இரவு 10 மணி

பெரிய சுற்றுலாப் பேருந்துகளை ஃபிளாரன்ஸின் பழைய ஊருக்குள் விடுவதில்லை. அர்னோ ஆற்றங்கரையில் ஓரிடத்தில் இறக்கிவிட்டார்கள். பெட்டிகள் வேறு வண்டியில் விடுதிக்குப் போய்விட, நாங்கள் முப்பத்திரண்டு பேரும் நடந்தோம். ரோமிலிருந்து உட்கார்ந்தே வந்த கால்களுக்கு அந்த நடை நன்றாகத்தான் இருந்தது. கல் பாவிய தெருக்கள் ஒடுக்கமாக இருக்கின்றன. இரண்டு பக்கமும் காவி, மஞ்சள் நிறத்தில் உயரமான வீடுகள், அவற்றுக்கு அடர்பச்சை மரச் சன்னல்கள். ஏதோ ஒரு திருப்பத்தில், தெருவின் முனையை அடைத்துக்கொண்டு பெரிய கோவிலின் செங்கல் நிறக் குவிமாடம் தெரிந்தது. பேச்சு தானாக நின்றுவிட்டது.

எங்கள் குழுவில் ஈரோடு, கோபி, சேலம், திருப்பூர் ஆட்கள்தான் அதிகம். நானும் அக்காவும் திருப்பூர். முப்பது வருடம் சாயப்பட்டறையில் கழித்தவள் நான். முதலில் அப்பாவின் பட்டறை, கல்யாணத்துக்கு அப்புறம் எங்களுடையது. 2011இல் ஊரிலுள்ள சாயப்பட்டறைகள் எல்லாம் மூடியபோது எங்களுடையதும் மூடியது, பிறகு திறக்கவே இல்லை. ஆனாலும் ஒரு துணி கண்ணில் பட்டால் ஓரத்தைப் புரட்டி, விரலால் தேய்த்துப் பார்க்காமல் விட முடிவதில்லை.

அதனால்தான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பு படித்தவற்றில் ஓவியம், சிலையைவிட வேறொன்று மனதில் ஒட்டிக்கொண்டது. இங்கே வாழ்ந்த ஜொவான்னி வில்லானி என்ற வரலாற்றாசிரியர் 1338 வாக்கில் ஊரின் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். 200 கம்பளிப் பட்டறைகள், ஆண்டுக்கு 70,000 முதல் 80,000 பீஸ் துணி, அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் 30,000 பேர். இன்றைக்குச் சொன்னாலும் பெரிய தொழில் ஊர்தான். இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். அந்த 30,000 பேர் எங்கே? அவர்களுடைய தடம் எங்காவது மிச்சம் இருக்கிறதா?

முதல் தடம் இன்று மாலையே கிடைத்துவிட்டது. விடுதி சாந்தா மரியா நொவெல்லா கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் இருந்ததால் நானும் அக்காவும் கோபி வாத்தியார் ஐயாவும் கோவில் முன்னால் இருக்கும் திடலில் போய் உட்கார்ந்தோம். வெள்ளையும் பச்சையுமான சலவைக்கல்லில் முகப்பு, கோலம் போட்டது போலக் கட்டம் கட்டமாக இருக்கிறது. அதன் மேற்பகுதியை வடிவமைத்தவர் லியோன் பத்தீஸ்தா ஆல்பெர்த்தி. உச்சி முக்கோணத்துக்குக் கீழே, முகப்பின் அகலம் முழுக்கப் பெரிய லத்தீன் எழுத்துகள் ஓடுகின்றன. கடவுளின் பெயர் அங்கே இல்லை. பணம் கொடுத்தவரின் பெயரும் 1470 என்ற ஆண்டும்தான் இருக்கின்றன. வாத்தியார் ஐயா எழுத்துக் கூட்டிப் படித்தார்: "ஒரிசெல்லாரியஸ்."

அவர்தான் ஜொவான்னி ருச்செல்லாய். இந்தக் குடும்பப் பெயரே ஒரு சாயத்தின் பெயர். ஒரிச்செல்லோ என்பது பாறையில் படரும் ஒரு பாசி. நாம் குழம்புக்குத் தாளிக்கிறோமே கல்பாசி, அதற்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அதை மூத்திரத்தில் நாள்கணக்கில் ஊறவைத்தால் ஊதா நிறம் இறங்கும். குடும்பத்து மூதாதை ஒருவர் கிழக்கு நாடுகளில் இதைத் தெரிந்துகொண்டு வந்து கம்பளிக்கு ஏற்றினார் என்று சொல்கிறார்கள். அந்த நாற்றத்தில் நின்று சம்பாதித்த பணம், சில தலைமுறை கழித்துக் கோவில் முகப்பில் பெயராக நிற்கிறது. நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயத் தொட்டிக்கு மேல் குனிந்து நின்ற ஒருவருக்கு நாற்றம் என்றால் என்ன என்று தெரியும். அப்பாவின் வேட்டியில் அந்த வாசம் எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

இரண்டாம் நாள், நடை

இன்றைக்குக் காலையிலிருந்து மாலை வரை ஒரே நடை. வழிகாட்டி உள்ளூர்ப் பெண்மணி, அறுபது வயது இருக்கும். மடக்கிய மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். எல்லாருக்கும் காதில் ஒரு கருவி மாட்டினார்கள். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, எங்கள் சுற்றுலாத் தம்பி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதலில் பெரிய கோவில். 1296இல் ஆர்னோல்ஃபோ தி காம்பியோ தொடங்கியது. 1331இலிருந்து கட்டட வேலையின் பொறுப்பு முழுக்கக் கம்பளிச் சங்கத்தின் கையில் இருந்தது என்று வழிகாட்டி சொன்னபோது நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். இங்கே சங்கம் என்றால் இந்தக் காலத்துத் தொழிற்சங்கம் இல்லை. முதலாளிகளும் வியாபாரிகளும் கைவினைஞர்களும் தொழில் வாரியாக வைத்திருந்த அமைப்பு. பட்டுக்கு ஒன்று, கம்பளிக்கு ஒன்று, வெளியூர்த் துணியை வாங்கி மெருகேற்றி விற்கிற காலிமாலாவுக்கு ஒன்று. ஊர் ஆட்சியே இந்தச் சங்கங்களிடம்தான் இருந்தது.

சுவர்கள் எழுந்துவிட்டன, ஆனால் நடுவில் சுமார் 45 மீட்டர் அகலத்துக்குத் திறந்த வாய். அதை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தனை பெரிய குவிமாடத்துக்குக் கீழே தாங்கு சாரம் கட்டப் போதுமான மரமும் கிடையாது. 1418இல் போட்டி வைத்தார்கள். பொற்கொல்லராகத் தொழில் கற்ற ஃபிலிப்போ புரூனெல்லெஸ்கி, தரையிலிருந்து சாரமே இல்லாமல் கட்டிக் காட்டுகிறேன் என்றார். 1420இல் தொடங்கி 1436இல் முடித்தார். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் அதில் இருக்கின்றன.

எப்படி நின்றது என்பதை வழிகாட்டி தன் கைவிரல்களைக் கோத்துக் காட்டி விளக்கினார். படுக்கை வரிசையில் செங்கல் வைத்துக்கொண்டே போனால், உள்பக்கம் சாய்கிற இடத்தில் ஈரக் காரையோடு வழுக்கி விழுந்துவிடும். அதனால் சில செங்கற்களுக்கு ஒருமுறை ஒரு கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். அந்த நெட்டுக்கல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற படுக்கைக் கற்களைப் பிடித்துக்கொள்ளும். வரிசை ஏற ஏற நெட்டுக்கற்களும் சாய்வாக ஏறி மீன்முள் மாதிரி ஓடும். ஒரு சுற்று முடிந்து வளையம் மூடிவிட்டால் அது தன்னைத்தானே தாங்கும். அடுத்த சுற்றுக்கு அதுவே அடித்தளம். கேட்டுக்கொண்டிருந்தபோது பாவுக்குள் ஊடை ஏறி இறங்குவதுதான் என் கண்ணில் தெரிந்தது.

பாரம் தூக்க அவர் செய்த பொறியும் அப்படித்தான். மாடுகள் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்க, பல்சக்கரத்தை மாற்றினால் போதும், கயிறு ஏறுவதும் இறங்குவதும் மாறும். மாட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்டுகிற நேரம் மிச்சம். மேலேயே சமையல் செய்து சாப்பாடு போட்டார், வேலையாள் இறங்கி ஏறுவதில் பொழுது வீணாகக் கூடாது என்று. கூலி உயர்த்திக் கேட்ட கொத்தர்களை நிறுத்திவிட்டு லொம்பார்தியிலிருந்து ஆள் கொண்டுவந்தார், பழைய ஆட்கள் திரும்பி வந்தபோது முன்பைவிடக் குறைந்த கூலிக்குத்தான் சேர்த்துக்கொண்டார் என்று, கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வாசாரி சொல்கிறார். பெரிய மேதைதான். ஆனால் இந்தச் செய்தியைக் கேட்ட பிறகு எனக்கு அந்தக் கொத்தர்கள் பக்கம்தான் மனம் போயிற்று. காற்றில் தொங்கிக்கொண்டு கல் வைத்தவர்கள் அவர்கள்.

குவிமாடத்துக்கு 463 படி ஏற எங்களில் ஒன்பது பேர் போனார்கள். என் முழங்கால் விடவில்லை. அந்த நேரத்தில் நான் மணிக்கோபுரத்தைச் சுற்றி வந்தேன். 1334இல் ஜோட்டோ தொடங்கிய கோபுரம். மூன்றே வருடத்தில் அவர் இறந்துவிட, ஆந்திரேயா பிசானோ தொடர்ந்தார். கோபுரத்தின் அடிப்பகுதியில், நம் தலைக்கு மேலே கொஞ்ச உயரத்தில், அறுகோணக் கற்களில் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. புனிதர்கள் இல்லை, தொழில்கள். ஏர் உழுகிறவன், வீடு கட்டுகிறவன், நோயாளியைப் பார்க்கும் வைத்தியன், படகு வலிக்கிறவர்கள்.

அதில் ஒன்று நெசவு.

வெளியில் இருப்பது நகல், அசல் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போனதும் குழு சிற்பி கிபெர்ட்டியின் தங்கக் கதவுகளுக்கு முன்னால் நிற்க, நான் நேராக இதைத் தேடிப் போனேன். ஒரு பெண் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். கிடைத்தறி. மிதி இருக்கிறது, கால் அதில் இருக்கிறது. இன்னொரு பெண் பக்கத்தில் நின்று அவள் வேலையைக் கவனிக்கிறாள். உட்கார்ந்திருப்பவளின் உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கிறது. தறியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சாய்வு தெரியும், முதுகு வலிக்க ஆரம்பிக்கிற இடம் அது. செதுக்கியவர் ஒரு நெசவாளியின் பக்கத்தில் நின்று பொறுமையாகப் பார்த்திருக்கிறார். கிட்டத்தட்ட 700 வருடமாக அவள் அந்த ஒரே இழையை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. காவலர் ஒருவர் வந்து, ரொம்பக் கிட்டே போக வேண்டாம் என்று மெதுவாகக் கை காட்டினார்.

கிபெர்ட்டியின் கதவுகளையும் பார்த்தேன், விட்டுவிட முடியுமா? 1425 முதல் 1452 வரை 27 வருடம் உழைத்த பத்துப் பலகைகள். அதற்குப் பணம் கொடுத்தது காலிமாலாத் துணி வியாபாரிகள் சங்கம். கதவின் சட்டத்தில் சின்னதாக ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்க்கிறது, அது கிபெர்ட்டியே.

அங்கிருந்து கால்சாயுவோலி தெரு வழியாக நடந்தோம். பெயருக்குக் காலுறை செய்கிறவர்கள் என்று பொருள். ஒரே கூட்டம். பத்து நிமிடத்தில் திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம்.

காதுக் கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. போனை விடுதியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். சுற்றுலாத் தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. வழிகாட்டி குழுவை நிறுத்தி வைக்க, நானும் தம்பியும் வந்த வழியே ஓடினோம். என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. எழுபத்தோரு வயது, தமிழ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஆர்சன்மிக்கேலே கோவிலைச் சுற்றிப் பின்பக்கச் சந்துக்குப் போனபோது, ஒரு பழைய கோட்டை மாதிரிக் கட்டடத்துக்கு எதிரே திண்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் ஓர் இத்தாலியப் பாட்டி, அவள் தோளைத் தடவிக்கொண்டு என்னவோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, வந்துட்டியா?" என்றாள் அக்கா. "நீ வருவேன்னு தெரியும், அதான் நகராம உக்காந்துட்டேன். இங்க பாரு, இந்த ஆட்டப் பாரு, கொடியத் தூக்கிட்டு நிக்குது."

அந்தப் பாட்டியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம்தான் அக்கா காட்டியதைப் பார்த்தேன். சுவரில் செதுக்கிய ஆட்டுக்குட்டி, கொடியோடு. கம்பளிச் சங்கத்தின் சின்னம்! அந்தக் கட்டடம்தான் சங்கத்தின் தலைமையிடம், 1308இலிருந்து. வழிகாட்டி எங்களை அங்கே கூட்டிப் போகத் திட்டமே இல்லை. அக்கா தொலைந்ததால் கிடைத்தது.

குழு எங்களைத் தேடி அங்கேயே வந்துவிட, வழிகாட்டி ஆர்சன்மிக்கேலேயைப் பற்றி நின்று விளக்கினார். தானியச் சந்தையாக இருந்து கோவிலான இடம். கீழே வழிபாடு, மேலே தானியக் கிடங்கு. தூணுக்குள் குழாய் மாதிரி வழி விட்டு, தானியம் அதன் வழியாகக் கீழே இறங்கும். வெளிச்சுவரில் மாடங்கள், ஒவ்வொரு சங்கமும் தன் புனிதரை அதில் நிறுத்தியது. கவசம் செய்கிறவர்களுக்கு தொனாத்தெல்லோ செய்த புனித ஜார்ஜ். கம்பளிச் சங்கத்துக்கு கிபெர்ட்டியின் புனித ஸ்தேவான். கல், மரத் தொழிலாளர் மாடத்தில் நான்கு புனிதர்கள், அவர்கள் காலடியில் ஒரு சின்னப் புடைப்புச் சிற்பம். அதில் ஒருவன் சுவர் வைக்கிறான், ஒருவன் துளையிடுகிறான், ஒருவன் சிலை செதுக்குகிறான்.

"சாயக்காரங்களுக்கு எந்த மாடம்?" என்று தம்பியிடம் கேட்கச் சொன்னேன்.

வழிகாட்டி என்னைப் பார்த்துவிட்டு, "இல்லை" என்றார். சாயம் போடுகிறவர்கள், கம்பளி சிக்கெடுக்கிறவர்கள், கழுவுகிறவர்கள் யாருக்கும் சங்கம் வைக்க உரிமை இல்லை. கம்பளிச் சங்கத்துக்குக் கட்டுப்பட்டுக் கூலிக்கு வேலை செய்ய வேண்டியதுதான். 1378 கோடையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சியோம்பி என்று அவர்களுக்குப் பெயர். ஆட்சி மாளிகையைப் பிடித்து, கம்பளி சிக்கெடுக்கும் தொழிலாளி மிக்கேலே தி லாண்டோவை ஊரின் தலைமைப் பதவியில் உட்காரவைத்தார்கள். மூன்று புதிய சங்கங்கள் வந்தன. அதில் ஒன்று சாயக்காரர்களுக்கு, இன்னொன்று சிக்கெடுக்கிற, கழுவுகிற சியோம்பிகளுக்கு. ஆகஸ்டு முடிவில் சியோம்பிகளை அடக்கி, அவர்களுடைய சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். அதைக் கலைத்தபோது மிக்கேலே தி லாண்டோ அவர்கள் பக்கம் இல்லை என்பதுதான் இதில் பெரிய துயரம். சாயக்காரர் சங்கம் 1382 வரை தாங்கியது.

மூன்றரை வருடம். அந்த மூன்றரை வருடத்தில் அவர்கள் எப்படி நிமிர்ந்து நடந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சிஞ்ஞோரியா சதுக்கம், பழைய ஆட்சி மாளிகை, அதன் வாசலில் டேவிட் சிலையின் நகல். எல்லாரும் படம் எடுத்தார்கள். 1501இல் மைக்கேலாஞ்சலோவிடம் இதைச் செய்யச் சொன்னவர்களிலும் கம்பளிச் சங்கம் இருந்தது, கோவில் பொறுப்பு அவர்களிடம்தானே. வேறொருவர் அரைகுறையாகச் செதுக்கிக் கைவிட்டுப் பல வருடம் கிடந்த கல்லை எடுத்துத்தான் அவர் செய்தார்.

மதியம் ஒரு சின்னக் கடையில் ரிபொல்லீத்தா கிடைத்தது. பழைய ரொட்டி, பீன்ஸ், கருங்கீரை எல்லாம் போட்டு, முதல் நாள் வைத்ததை மறுநாள் திரும்பக் கொதிக்க வைப்பது. பெயருக்கும் அதுதான் அர்த்தம். சுண்டக் குழம்பின் ருசி தெரிந்த நாக்குக்கு இது உடனே பிடித்துவிடும். ரொட்டியில் மட்டும் உப்பே இல்லை, இந்த ஊர் வழக்கம் அது. நாடு கடத்தப்பட்ட இந்த ஊர்க் கவிஞர் தாந்தே, அடுத்தவர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும் என்று எழுதியது இந்த உப்பில்லாத ரொட்டியில் வளர்ந்ததால்தானோ என்று வாத்தியார் ஐயா சொன்னார்.

பொன்தே வெக்கியோ பாலத்தில் நகைக் கடைகள், கூட்டம், வெயில். 1345இல் கட்டியது, முன்பு கறிக்கடைகள் இருந்தன, 1593இல் பொற்கொல்லர்களைக் கொண்டுவந்தார்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரின் மற்ற பாலங்களை எல்லாம் தகர்த்துவிட்டு இதை மட்டும் விட்டது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. வழிகாட்டியிடம் சாயக்காரர் தெரு எங்கே என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. குழுவுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு, வருகிறவர்கள் வரலாம் என்றார். ஆறு பேர் போனோம்.

வழியில் நேரி தெருவும் சான் ரெமிஜியோ தெருவும் சேரும் மூலையில் நிறுத்தினார். சுவரில் பழைய கல் ஒன்று. அதில் அலைக்கோடும், அதைச் சுட்டும் ஒரு கையும் செதுக்கியிருக்கிறது. 1333 நவம்பர் 4, வெள்ளம் ஏறிய உயரம். அதற்கும் மேலே இன்னொரு பலகை: 1966 நவம்பர் 4. அதே தேதி, 633 வருடம் கழித்து, அதைவிட உயரமாக. அண்ணாந்து பார்த்தால்தான் தெரிகிறது. 1966இல் குளிர்காலத்துக்காக வீட்டுத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்த எண்ணெய் வெள்ளத்தில் கலந்து ஊர் முழுக்கக் கறுப்பாகப் பூசிவிட்டது. சாந்தா குரோச்சே கோவிலில் சிமாபுவே வரைந்த சிலுவையின் வண்ணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. தேசிய நூலகத்திலிருந்து சேறு படிந்த புத்தகங்களை, உலகம் முழுக்கவிருந்து வந்த இளைஞர்கள் கைக்குக் கை மாற்றி வெளியே எடுத்தார்கள். சேற்றுத் தேவதைகள் என்று இன்னும் அவர்களுக்குப் பெயர்.

அந்த நூலகத்தை ஒட்டித்தான் கோர்சோ தெய் திந்தோரி, சாயக்காரர் தெரு. ஆற்றுக்கு ஒரு கட்டடம் தள்ளி. தொட்டி இல்லை, அடுப்பு இல்லை. தெருப் பெயர்ப் பலகை மட்டும். சிவப்புக்கு மஞ்சிட்டியும் கிர்மிஸ் பூச்சியும், நீலத்துக்கு வோட் இலை. அவற்றோடு வெர்சீனோ என்ற சிவப்புச் சாய மரமும் உண்டு. அது நம் பக்கத்துக் கடலோரத்திலிருந்து வந்தது. 1340 வாக்கில் ஃபிளாரன்ஸ் வணிகர் பெகோலொத்தி எழுதிய கையேட்டில் அதன் ஒரு வகைக்குக் கொல்லம் துறைமுகத்தின் பெயரே இருக்கிறது. நாம் பதிமுகம் என்று தண்ணீரில் போட்டுக் குடிக்கிற அதே மரம்.

ஆற்றைப் பார்த்து நின்றேன். இந்தத் தொட்டிகளின் கழிவு எல்லாம் இதில்தான் போயிருக்க வேண்டும், வேறு எங்கே போகும்? எங்கள் நொய்யலை நாங்கள்தான் கெடுத்தோம். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. இன்று அர்னோ பச்சையாக, அமைதியாக ஓடுகிறது. ஒருவர் படகு வலித்துக்கொண்டு போனார். நொய்யலில் அப்படி ஒரு நாளைப் பார்க்க வேண்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள்

காலையில் அக்காதேமியாவில் அசல் டேவிட். 5.17 மீட்டர். வலது கையின் நரம்பைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விட்டது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் பக்கத்து இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஐந்து நிமிட நடையில் இன்னொசெந்தி, பிள்ளைகள் காப்பகம். பட்டுச் சங்கம் பணம் போட்டது, 1419இல் புரூனெல்லெஸ்கி வடிவமைத்தது. வளைவுகளுக்கு நடுவே நீல வட்டங்கள், ஒவ்வொன்றிலும் துணி சுற்றிய வெள்ளைக் குழந்தை, ஆந்திரேயா தெல்லா ரோபியா செய்த சுடுமண் சிற்பங்கள். 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அகாதா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். 1875இல் குழந்தைகளை அடையாளம் சொல்லாமல் விட்டுப்போகும் சன்னலை மூடினார்கள். வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு நூற்பும் நெசவும் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொசெந்தி, நொசெந்தீனி என்ற குடும்பப் பெயர்கள் இங்கிருந்து போன பிள்ளைகளுடையவை.

உள்ளே அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குழந்தையின் பெயர். இழுத்தால் அந்தக் குழந்தையோடு வந்த பொருள் இருக்கும். பெரும்பாலும் பாதி. பாதியாக வெட்டிய பதக்கம், பாதியாக உடைத்த காசு. மற்றப் பாதி அம்மாவிடம். என்றாவது ஒருநாள் திரும்பி வந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இது என் பிள்ளை என்று சொல்வதற்காக.

அக்கா ஒன்றை இழுத்தாள். வெட்டிய விளிம்பு நேராக இல்லை, கோணலாக இருந்தது. கத்திரியாலோ உளியாலோ அவசரமாக வெட்டியது போல. ஓரத்தில் நூல் கோக்கத் துளை, துளைக்குள் சாயம் போன ஒரு துண்டு நாடா. அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சத்தம் வராமல், இரண்டு கையாலும் மெதுவாக மூடினாள். இந்தப் பாதி இங்கேயே இருக்கிறதென்றால், அந்தப் பாதி வரவில்லை. அதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மதியத்துக்கு மேல் எல்லாருக்கும் கடைக்குப் போக விடுமுறை. மெர்கத்தோ நுவோவோ மண்டபத்தின் வெண்கலப் பன்றி மூக்கைத் தடவ வரிசை நின்றது. அந்த மண்டபத்தின் மூலை மாடத்தில் ஒரு சிலை இருக்கிறது, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மிக்கேலே தி லாண்டோ. 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. வாத்தியார் ஐயா, "ஏனுங்கம்மா, இவர் கடைசில அவங்களக் கைவிட்டவர்தானுங்களே?" என்றார். ஆமாம். ஆனாலும் 500 வருடம் கழித்தாவது கம்பளித் தொழிலாளி ஒருவருக்கு இந்த ஊர் மாடம் கொடுத்திருக்கிறது. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் ஆற்றைக் கடந்து சான் ஃப்ரெதியானோ பகுதிக்கு. 1786இலிருந்து பட்டு நெய்யும் அந்தீகோ செத்திஃபீசியோ அங்கே இருக்கிறது. மகன் ஊரிலிருந்தே கடிதம் எழுதி நேரம் வாங்கி வைத்திருந்தான். கதவைத் தாண்டுவதற்கு முன்பே சத்தம் கேட்டது. அக்கா நின்றுவிட்டாள். "தறி" என்றாள்.

பழைய மரத்தறிகள், கையால் ஓட்டுவது. பாவு ஓட்டுகிற பொறி ஆள் உயரத்துக்கு மேல் நெட்டுக்குத்தாக நிற்கிறது, லியோனார்தோவின் வரைபடத்தை வைத்துச் செய்தது என்றார்கள். பெரிய மரக்கூண்டு மாதிரிச் சுழல, இழைகள் அதில் வரிசையாக ஏறுகின்றன. தறியில் இருந்தது நடுத்தர வயதுப் பெண். நாடாவை எறிந்து, அடித்து, எறிந்து. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே பாவில் ஓர் இழை அறுந்தது. நிறுத்தி, நுனி இரண்டையும் எடுத்து, ஒன்றைப் பெருவிரல் மேல் வளைத்து, மற்றதை அதற்குள் விட்டு இழுத்தார். கண் சிமிட்டுகிற நேரம்தான். அக்கா என் கையைக் கிள்ளினாள். எங்கள் அம்மா போடுகிற முடிச்சு.

துணியைத் தொடலாமா என்று சைகையில் கேட்டேன். அவர் என் விரல்களைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார். கருஞ்சிவப்பு. ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன். நிறம் இழையின் உள்வரைக்கும் இறங்கியிருந்தது, எங்கும் திட்டு இல்லை. கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவர் எழுந்து, கீழே கூடையில் கிடந்த அறுத்த நூல் நுனிகளில் ஒரு கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

நாளை ஆறு மணிக்குப் பெட்டியை வாசலில் வைக்க வேண்டும். வெனிஸ். அக்கா தூங்கிவிட்டாள், நூல் கொத்து அவள் தலையணைப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.